சிவப்புத் தலைக் கட்டைகளுக்கு இப்பால்

திரியாய்க் காட்டில் எனக்கு அனுமதித்த நிலம்
ஒன்றரை மீற்றர் அகலம்.
நீளம், ஜெசிந்தாவின் அணி
அன்றைக்கு முழந்தாளில் எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவு.
இரண்டு பக்கமும் சிவப்புத் தலைக் கட்டைகள்.
அப்பாலும் அதே பாலை, அதே வீரை,
அதே கார்த்திகை மழை
இலைக்கு இலை சொட்டி இறங்குகிறது.

நான் குனிந்து பொறுக்குவது சருகு.
வீரை இலை இருபது, முதிரை இலை இருபது,
பாலைப் பட்டை ஒரு துண்டு,
கடதாசிப் பையில் திகதி எழுதி.
"இதுக்கோ கச்சேரியில கடிதம் எடுத்து வந்தனீங்கள்?"
முதல் நாள் அவள் கேட்டது.

அறையில்,
ஈரத் தாள் விரித்த கண்ணாடிக் கிண்ணத்தில்
மூன்றாம் நாள் சருகு முளைக்கும்.
முளைக்கும் என்பது சரியான சொல் இல்லை.
வெறுங்கண்ணுக்கு அது ஒரு புகை.
ஊசி முனையால் தொட்டு, நீலச் சாயத்தில் இறக்கி
நுணுக்குக்காட்டியில் குனிந்தால்
ஒரு வித்தி நத்தையாய்ச் சுருண்டிருக்கிறது.
ஒன்று மூன்று கால் நட்சத்திரம், ஒரு கால் ஒடிந்து.
இரு முனையிலும் மயிர் முளைத்த தோணி ஒன்று,
ஆள் இல்லை, துடுப்பில்லை.
பிறகு, மணி கழன்ற கறுப்புச் செபமாலை.
ஒரே வீரை இலைதான்.
நரம்போரம் ஒரு குடி, காம்பில் வேறொன்று,
புழு அரித்த ஓட்டையின் விளிம்புக்கென்றே
தனியாக ஒருத்தர்.
பதினொன்று வரை எண்ணினேன்.
அதற்குள் மின்சாரம் போய்விட்டது.

மத்தியானம் கைபேசியில் படங்களைக் காட்டினேன்.
ஜெசிந்தா சோற்றுக் கையைக் கழுவிவிட்டு
தலைக்கவசத்தின் முகக் கண்ணாடியை நீட்டினாள்.
"மாரி தொடங்கினா இதிலயும் வருது.
துடைச்சுக் காணாது. இதுக்கும் பெயர் இருக்கோ?"
இருந்தது. சொன்னேன்.
"பாலையூற்றுக் கோயில்ல
இலத்தீன் பூசை கேட்ட மாதிரிக் கிடக்கு."

அவளுக்கும் எனக்கும் தொழில் ஒன்றுதான்,
மண்ணைத் துளித்துளியாய்ப் படிப்பது
என்று அன்றிரவு எழுதினேன். அடித்துவிட்டேன்.
நான் பிழைவிட்டால்
பட்டியலில் ஒரு வரி மாறும்.

மார்கழி.
கண்ணாடித் தகட்டில் வசிலின் பூசி
கடைசிக் கட்டையோரம் ஒரு கிளையில் கட்டினேன்,
கடற்பக்கம் முகம் காட்டி.
அந்தப் பக்கம் இன்னும் எவரும் போகவில்லை.
இரவெல்லாம் வாடை அடித்தது.
காலையில் தகட்டில்
எவரிடமும் கடிதம் வாங்காமல், கட்டையைப் பார்க்காமல்
வந்து ஒட்டியிருந்தவை இருநூற்றுப் பன்னிரண்டு.
அதிலே ஒன்று
நான் பொறுக்கிய எந்தச் சருகிலும் இல்லாதது.
நான்கு அறை, சுவரெல்லாம் முள்,
ஒவ்வோர் அறைக்கும் ஒரு துளி எண்ணெய்,
பழுத்த எலுமிச்சை நிறம்.
எந்த மரம், எந்த இலை, எவ்வளவு தூரம்?
போய்ப் பார்க்கவும் முடியாது.

அங்கே
முப்பது வருசச் சருகு ஒன்றின்மேல் ஒன்றாய்க் கிடக்கும்.
அதைத் தின்று தின்று
வெண்ணூல்கள் கீழே ஓடியிருக்கும்,
புதைத்த பொருளின் மூடிமேலும்தான்.
ஓர் ஆட்டுக்குட்டியின் காலுக்குக் காத்திருக்கும் அந்த மூடிக்கு
இவை ஏறியதே தெரியாது.

அறிக்கையில் "இன வளம்" என்றொரு கட்டம் உண்டு.
அறுபத்தேழு என்று நிரப்பினேன்.
பக்கத்தில் பென்சிலால்: ஒன்றரை மீற்றர் அகலத்துக்கு.

இன்றைக்கு ஜெசிந்தா நாலு மீற்றர் போயிருக்கிறாள்.
கட்டைகளைப் பிடுங்கி முன்னால் நடுகிறார்கள்.
வேர்வையும் மழையும் வழியும் முகத்தோடு திரும்பி வந்து,
"உங்கட முள்ளுக்காரி
இந்த நாலு மீற்றருக்குள்ள இருந்தா சொல்லுங்கோ" என்றாள்,
"எனக்கும் ஒருக்காப் பார்க்கவேணும்."
பை எடுத்தேன். திகதி எழுதப் பேனை ஓடவில்லை,
கடதாசி அவ்வளவு ஈரம்.